எழுத்தை எண்ணிய அறிஞர் அல்கிந்தி

மக்தபில் அமர்ந்து அலிப், பே, தே என்று ஓதப் பழகும் சிறாருக்கு அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துகளும் ஒரே நிறையுடையனவாகவே தோன்றும். உஸ்தாத் ஒவ்வோர் எழுத்தையும் ஒரே தொனியில் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகளும் அதே தொனியில் திருப்பிச் சொல்வர். நூல்களுக்குள் நுழைந்த பின்னரே, சில எழுத்துகள் வரிக்கு வரி ஓயாமல் வந்துகொண்டிருப்பதையும், சில எழுத்துகள் தேடினாலன்றிக் கிட்டாமையையும் கண் காண்கிறது. கண் காண்கிறதே தவிர, கை எண்ணுவதில்லை. நாமும் எண்ணியதில்லை. ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பக்தாத் மாநகரில் வாழ்ந்த ஒருவர் அதனை எண்ணினார். எண்ணியதை ஏட்டிலும் எழுதி வைத்தார். அவரே அபூ யூசுப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி.

அரபுகளின் தத்துவஞானி என்னும் சிறப்புப் பெயரால் உலகம் அவரை அறியும். இலத்தீன் நூலார் அவர் பெயரை அல்கிண்டஸ் எனத் திரித்து வழங்கினர். அவருடைய தத்துவத்தைப் பற்றி மலர்களிலும் மேடைகளிலும் பலரும் பேசியுள்ளனர். இவ்வாண்டு மலரில், புள்ளியியல் பயிலும் மாணவர்க்கும் தமிழ் பயிலும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படுமாறு, அவரை எண்ணிக்கையின் அறிஞராகக் காண விழைகின்றோம்.

கூபாவிலிருந்து பக்தாத்துக்கு

அல்கிந்தி கி.பி. 801ஆம் ஆண்டளவில் (ஹிஜ்ரி 185) கூபா நகரில் பிறந்தார். தென் அரபகத்தின் தொன்மையான கிந்தா குலம் அவருடைய குலம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழருள் ஒருவரும் அக்குலத்தின் தலைவருமான அஷ்அஸ் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் வழியில் வந்தவர். தந்தையார் இஸ்ஹாக் இப்னுஸ் ஸப்பாஹ், கலீபா மஹ்தி, கலீபா ஹாரூன் அர்ரஷீத் ஆகியோர் காலத்தில் கூபாவின் ஆளுநராக இருந்தார். செல்வமும் செல்வாக்கும் பிறப்பிலேயே அமைந்திருந்தும் மகன் ஆட்சிப் பொறுப்பை நாடாமல் ஏட்டை நாடியது வியப்புக்குரியது.

கூபா அக்காலத்தில் மொழியாராய்ச்சியின் ஊர். கூபாவிலும் பஸராவிலும் இருந்த இலக்கண ஆசிரியர்கள் சொற்களைத் திரட்டினர், வேர்களைப் பிரித்தனர், எவ்வெழுத்து எவ்வெழுத்தோடு சேரும், எதனோடு சேராது என ஆய்ந்தனர். திருக்குர்ஆனின் வசனங்களையும் சொற்களையும் எழுத்துகளையும் எண்ணும் பணியிலும் முற்கால ஓதுநர்கள் ஈடுபட்டனர். பஸராவின் கலீல் இப்னு அஹ்மத், அரபு எழுத்துகளை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் மாற்றி அடுக்கி, வரக்கூடிய வேர்கள் அனைத்தையும் முறைப்படுத்தி அகராதி கண்டார். எண்ணுதல் என்பது வணிகர்க்கும் வரி தண்டுவோர்க்கும் மட்டும் உரிய வேலையன்று, மொழிப் புலவர்க்கும் உரியது என்னும் மரபு அவ்வூர்களில் வேர்கொண்டிருந்தது. அல்கிந்தி அந்த மரபின் பிள்ளை.

பின்னர் அவர் பக்தாத் அடைந்தார். கலீபா மஃமூன் (ஆட்சிக்காலம் 813-833) அறிஞர்களைக் கூட்டி, கிரேக்க, சிரிய, பாரசீக, இந்திய நூல்களை அரபுக்குக் கொணரச் செய்த காலம் அது. அல்கிந்தி தாமே மொழிபெயர்ப்பாளர் எனல் பொருந்தாது. மொழிபெயர்ப்போரைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு, அவர்தம் அரபு நடையைத் திருத்தி, இல்லாத கலைச்சொற்களுக்குச் சொல் அமைத்துத் தந்தவர் என்பதே சரி. அரிஸ்டாட்டிலின் மெய்யியல் நூலை உஸ்தாத் என்பார் அவருக்காகவே பெயர்த்தார். அடுத்து வந்த கலீபா முஃதஸிம் (833-842) தம் மகன் அஹ்மதுக்கு அல்கிந்தியை ஆசிரியராக அமர்த்தினார். தம் தலைசிறந்த படைப்பான முதல் தத்துவம் பற்றிய நூலை அவர் அக்கலீபாவுக்கே உரிமையாக்கினார். அரிஸ்டாட்டிலைப் போற்றியும், உலகு தொடக்கமற்றது என்னும் அவர் கொள்கையை மட்டும் ஏற்காது, அது படைக்கப்பட்டதே என்று கணித முறையில் வாதிட்டமை அவருடைய துணிவையும் ஈமானையும் ஒருங்கே காட்டும்.

இப்னு நதீம் தம் பிஹ்ரிஸ்த் என்னும் நூற்பட்டியலில் அல்கிந்தியின் பெயரால் இருநூற்றைம்பதுக்குக் குறையாத நூல்களைக் குறித்துள்ளார். வாள் வார்ப்பு, நறுமணப் பொருள், கடல் வற்றுப் பெருக்கு, ஊது நரம்பு யாழின் இசை, ஒளியியல், துயர் நீக்கும் வழி என அவர் தொடாத துறை அரிது. இந்திய எண்களைக் கையாளும் முறையை விளக்கி நான்கு பகுதிகளில் ஒரு நூலும் செய்தார். அந்தப் பெரும்பட்டியலின் நடுவே, மறைமொழியை வெளிக்கொணர்தல் பற்றிய ஒரு சிறு நூலும் இருந்தது. நாம் நின்று நோக்க வேண்டியது அதனையே.

மறைமொழியும் எண்ணிக்கையும்

அப்பாஸியப் பேரரசு பரந்தது. வரிக் கணக்கும் படைச் செய்தியும் ஆளுநர்க்கு விடுக்கும் ஆணையும் தபால் குதிரைகளில் நெடுந்தொலைவு சென்றன. இடையில் பகைவர் கைப்பற்றினாலும் படித்தறியாதிருக்க, எழுத்துக்கு எழுத்து வேறு குறி இட்டு எழுதும் வழக்கம் இருந்தது. அலிபுக்கு ஒரு பறவை, லாமுக்கு ஒரு வட்டம் என்பதுபோல் வைத்துக்கொள்ளலாம். குறிப்பட்டியல் கையில் இல்லாதவன் ஆயுள் முழுதும் முயன்றாலும் படிக்க இயலாது என்றே எல்லோரும் நம்பினர். 28 எழுத்துகளை மாற்றி அமைக்கும் வழிகளின் தொகை அத்துணைப் பெரிது.

அல்கிந்தி அத்தொகையோடு மோதவில்லை. வேறு வாயில் வழியே நுழைந்தார். மறைத்து எழுதப்பட்ட மொழி இன்னதென்று தெரிந்தால், அதே மொழியில் வெளிப்படையாக எழுதப்பட்ட ஒரு நீண்ட பகுதியை எடுத்து, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என எண்ண வேண்டும். மிகுதியாக வருவதை முதலாவது என்றும், அடுத்ததை இரண்டாவது என்றும், இவ்வாறே இறுதிவரை வரிசைப்படுத்த வேண்டும். பிறகு மறைமொழிக் கடிதத்தின் குறிகளையும் அவ்வாறே எண்ணி வரிசைப்படுத்தி, இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். இதுவே அவர் கண்ட வழி. நமக்குத் தெரிந்த வரையில், எழுத்து நிகழ்வெண்ணைக் கொண்டு மறைமொழியை உடைக்கும் முறையைச் சொன்ன முதல் நூல் இதுவே.

வழி சொன்னதோடு அவர் நிற்கவில்லை. தாமே எண்ணியும் காட்டினார். 3667 எழுத்துகள் கொண்ட அரபுப் பகுதியில் அலிப் 600 முறை, லாம் 437 முறை, மீம் 320 முறை, ஹா 273 முறை, வாவ் 262 முறை, யா 252 முறை, நூன் 221 முறை வருவதாக அவர் கணக்குத் தருகிறார். விளக்கொளியில் அமர்ந்து ஒரு தத்துவஞானி ஒவ்வோர் அலிபுக்கும் ஒரு கோடு இழுத்திருப்பதை எண்ணிப் பார்க்கிறோம். இழிவான வேலை என்று ஒதுக்கத்தக்க வேலை அது. எழுத்தர் ஒருவரிடம் ஏவியிருக்கவும் கூடும். ஆயினும் முடிவை அறிவென்று கருதி ஏட்டில் ஏற்றியவர் அவரே.

இனி, புள்ளியியல் வகுப்பில் கற்பிக்கப்படும் சார்பு நிகழ்வெண் பட்டியல் என்பது இந்த எண்களை ஒருபடி மேலே கொண்டு செல்வதேயாகும். 600 என்னும் எண் தனியே நின்றால் அதற்குப் பொருள் குறைவு. 3667இல் 600 என்று கூறும்போது, நூற்றுக்கு ஏறத்தாழ 16 என ஆகிறது. லாம் நூற்றுக்கு 12, மீம் 9, ஹா, வாவ், யா மூன்றும் தலைக்கு 7 அளவு, நூன் 6. இவ்வேழு எழுத்துகள் மட்டுமே எழுதப்பட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொள்கின்றன. எல்லா எழுத்துகளும் சமமாக வந்திருப்பின் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மூன்றரை அளவே கிடைத்திருக்கும். ஐந்நூறு குறிகள் கொண்ட ஒரு மறைமொழிக் கடிதம் கிடைக்கிறது; அதில் ஒரு குறி 80 முறை வருகிறது எனக் கொள்வோம். 80ஐயும் 600ஐயும் நேரே ஒப்பிட இயலாது. இரண்டையும் நூற்றுக்கு 16 என்று ஆக்கியதும், அக்குறி அலிபாக இருக்கலாம் என்னும் ஐயம் எழுகிறது. அளவில் வேறுபட்ட இரண்டு தொகுதிகளை ஒரே தராசில் நிறுத்துவதே சார்பு நிகழ்வெண்ணின் பணி.

ஹா, வாவ், யா மூன்றும் நெருங்கி நிற்பதைக் கவனித்த வாசகர்க்கு ஒரு வினா எழும். எது எதுவென்று எவ்வாறு பிரிப்பது? அல்கிந்திக்கும் அவ்வினா எழுந்தது. எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை அவர் அறிந்திருந்தார். எவ்வெழுத்துகள் அடுத்தடுத்து வரும், எவை ஒருபோதும் சேர்ந்து வாரா என்னும் மொழியறிவை அதனோடு கூட்டினார். அலிபை அடுத்து லாம் வரும் இணை அரபில் எவ்வளவு மலிந்தது என்பதை அரபு ஓதத் தெரிந்த எவரும் அறிவர். கடிதங்கள் இறைவன் திருப்பெயரோடு தொடங்கும் வழக்கம் ஆகலின், தொடக்கத்தில் இன்ன சொற்கள் இருக்கும் என ஊகிப்பதும் அவருக்கு உதவிற்று. செய்யுளாயின் சந்தமும் இயைபும் துணை செய்யும். பகுதி மிகச் சிறிதாயின் இம்முறை பலிக்காது என்றும் எச்சரித்தார். பின்னாளில் இப்னு அத்லான் (1187-1268) என்னும் அறிஞர், குறைந்தது தொண்ணூறு எழுத்துகளாவது வேண்டும் என்று எல்லை வகுத்தார். மாதிரியின் அளவு போதுமா என இன்றைய ஆய்வு மாணவர் கேட்கும் கேள்வியே அது.

தமிழ்த் துறையினராகிய நமக்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் நினைவுக்கு வாராதிருக்குமா? மொழிக்கு முதலில் வரும் எழுத்து, இறுதியில் வரும் எழுத்து, ஒன்றோடொன்று மயங்கும் மெய், மயங்கா மெய் எனத் தொல்காப்பியர் வகுத்தவை, அல்கிந்தி சேரும் எழுத்து, சேரா எழுத்து என வகுத்தவற்றோடு ஒரே இனத்தைச் சார்ந்தவை. தொல்காப்பியர் வருமா வாராதா என்பதைச் சொன்னார். எத்தனை முறை வரும் என்பது அவருடைய நோக்கமன்று. அரபுத்தமிழ் ஏடுகளைப் பாட்டனார் பெட்டியில் காத்து வைத்திருக்கும் பெரியோர்க்கும் ஒரு செய்தி சொல்லலாம். அவ்வேடுகளில் எழுத்து அரபு, மொழி தமிழ். அவற்றை எண்ணினால் கிடைக்கும் விகிதம் அரபு மொழியின் விகிதமாக இராது. தமிழின் விகிதமாகவே இருக்கும். எழுத்தின் உடை மாறலாம். மொழியின் நடை மாறாது. அல்கிந்தியின் கண்டுபிடிப்பின் உயிர்நிலை இதுவே.

இதனைப் படமாக வரைந்தால் இன்னும் தெளிவாகும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தூண் நிறுத்தி, வரும் விகிதத்தை உயரமாக வைத்தால், அலிப் கோபுரம்போல் நிற்க, கடைசியில் ளா குட்டையாய்க் குந்தியிருக்கும். மறைமொழி செய்வோன் தூண்களின் பெயர்ப்பலகைகளைக் கழற்றி மாற்றி மாட்டுகிறானே தவிர, தூண்களின் உயரத்தை அவனால் மாற்ற இயலாது. மாணவர் ஒன்றை மயங்காமல் அறிதல் வேண்டும். எழுத்துகள் வகைகளே ஆதலின், இப்படம் பட்டைப் படம் ஆகும். தூண்களுக்கிடையே வெளி விட்டு, வேண்டிய வரிசையில் நிறுத்தலாம். உயரம், எடை, மதிப்பெண் போன்ற அளவுகளைப் பிரிவு இடைவெளிகளாகப் பகுத்து, இடைவெளியின்றி ஒட்டி நிற்கும் செவ்வகங்களாக வரைவதே ஹிஸ்டோகிராம் என்னும் நிகழ்வுச் செவ்வகம். அங்கே வரிசையை மாற்ற நமக்கு உரிமை இல்லை. பிரிவுகளின் அகலம் வேறுபட்டால் உயரமன்றிப் பரப்பே நிகழ்வெண்ணைக் குறிக்கும். அப்பெயரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கியவர் இங்கிலாந்தின் கார்ல் பியர்சன்.

அல்கிந்தி படம் வரையவில்லை, விழுக்காடும் கணக்கிடவில்லை. புள்ளியியல் முழுவதையும் அவரே கண்டார் என்று மேடைகளில் முழங்குவது, அவருக்கும் புகழன்று, நமக்கும் புகழன்று. எண்ணிக்கையை அளவில் பெரிய மாதிரியில் எடுத்து, வரிசைப்படுத்தி, அதிலிருந்து காணாத ஒன்றை ஊகித்தறிந்தார் என்ற உண்மையே போதுமான பெருமை. அதற்கு மேல் ஒரு முழம் நீட்டினால் உள்ளதும் ஐயத்துக்கு உள்ளாகும்.

மருந்தியலிலும் அவருடைய எண்ணும் கண் ஓயவில்லை. மருந்துப் பொருள்களின் வெம்மை, தண்மை முதலிய குணங்களை நான்கு படிகளாகப் பிரித்துக் கிரேக்க மருத்துவர் கூறியிருந்தனர். படிக்குப் படி எவ்வளவு கூடுகிறது என்பதை அல்கிந்தி வரையறுத்தார்: முதற்படியில் இரண்டு மடங்கு, அடுத்து நான்கு, எட்டு, பதினாறு. மருத்துவர்க்கு அது எவ்வளவு பயன்பட்டதோ, பல சரக்குகள் கலந்த மருந்தின் வீரியத்தைக் கணக்கிட்டே அறியலாம் என்னும் எண்ணம் புதியது. கிரிமோனா நகரின் ஜெரார்டு அந்நூலை இலத்தீனில் பெயர்த்தார்.

அவருடைய சமகாலத்தவரான ஜாஹிள், கஞ்சர்களைப் பற்றி எழுதிய நகைச்சுவை நூலில் கிந்தி என்னும் வீட்டுக்காரர் ஒருவர் வருகிறார். குடித்தனக்காரர் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், கூடுதலாகச் செலவாகும் நீர், தேயும் படிக்கட்டு என ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வாடகையை உயர்த்தக் கேட்பவர் அவர். அவர் நம் அல்கிந்திதாமா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்த கருத்துடையரல்லர். ஆயினும், நண்பர்கள் அக்கதையைப் படித்து நகைத்தபோது இவர் பெயரே நினைவுக்கு வந்திருக்கும் என்று கருதுகிறோம்.

பறிபோன நூலகம்

847இல் முதவக்கில் கலீபாவானார். அரசவையின் காற்று மாறிற்று. பனூ மூஸா எனப்படும் மூஸாவின் மைந்தர்கள், முஹம்மதும் அஹ்மதும், கணிதத்திலும் பொறியியலிலும் பெரும்புலமை உடையவர்கள். தம்மை ஒத்த புலமை உடையாரைப் பொறுக்க மாட்டாதவர்கள். மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இந்நிகழ்ச்சியை விரிவாகக் கூறுகிறார். அவ்விருவரும் கலீபாவிடம் அல்கிந்தியைப் பற்றிக் கோள் மூட்டினர். கலீபா அவரை அடிப்பித்தார். அவருடைய நூல்கள் அனைத்தும் பறிக்கப்பட்டு, கிந்திய்யா என்னும் பெயரில் தனியே வைக்கப்பட்டன. முதுமை எய்திய நிலையில் முதுகில் பட்ட அடியைவிட, வெறுமையாய்க் கிடந்த அலமாரிகளே அவரை மிகுதியாக வாட்டியிருக்கும். அச்சுப் பொறி இல்லாத காலம் அது. ஒரு நூல் போயிற்றென்றால், அதன் ஓரங்களில் எழுதிய குறிப்பும் போயிற்று. எண்ணிய எண்ணிக்கையும் போயிற்று.

மீட்சி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. முதவக்கில் ஜஅபரிக் கால்வாயை வெட்ட ஆணையிட்டார். பனூ மூஸா அப்பணியைப் பர்கானி என்னும் அறிஞரிடம் ஒப்படைத்தனர். அவர் கணக்குப் பிழைத்துக் கால்வாயின் தலைப்பகுதியை ஏனைய பகுதியைவிட ஆழமாக வெட்டிவிட்டார். ஆற்றில் நீர் குறைந்தால் தலைப்பில் புகும் நீர் மேற்கொண்டு ஓடாது. செய்தி கலீபாவின் செவிக்கு எட்டிற்று. ஆராய்ந்து சொல்லுமாறு ஸனத் இப்னு அலீயை அழைத்தார். பிழை உண்மையாயின் சகோதரர் இருவரையும் கால்வாய்க் கரையிலேயே கழுவேற்றுவதாக ஆணையிட்டுச் சூளுரைத்தார். இந்த ஸனதையும் முன்னர் அரசவையிலிருந்து அகற்றியவர்கள் அவர்களே.

உயிருக்கு அஞ்சிய சகோதரர்கள் ஸனதின் முன் வந்து இரந்தனர். தமக்கும் அல்கிந்திக்கும் இடையே நல்லுறவு இல்லை என்பது எல்லோரும் அறிந்ததே எனினும், நியாயம் நியாயமே என்று கூறிய ஸனத், நூல்கள் உரியவரிடம் போய்ச் சேரும் வரை தாம் ஒரு சொல்லும் உதவப்போவதில்லை என்று உறுதியாக நின்றார். நூல்கள் திருப்பி அனுப்பப்பட்டன. இறுதி ஏடு வரை பெற்றுக்கொண்டதாக அல்கிந்தி தம் கைப்பட எழுதிய சீட்டு வந்து சேர்ந்தது. அதன் பின்னரே ஸனத் வாய் திறந்தார். தஜ்லா ஆற்றில் நீர் ஏறுமுகம். நான்கு மாதம் வரை பிழை வெளியே தெரியாது. அதற்குள் கலீபாவின் ஆயுள் முடியும் என்று நட்சத்திரம் பார்ப்போர் சொல்கின்றனர். அவர்கள் சொல் பொய்த்தால் மூவரும் சேர்ந்தே மாள்வோம் என்று கூறி, கலீபாவிடம் பிழை ஏதுமில்லை என அறிவித்தார். இரண்டு திங்களில், 861ஆம் ஆண்டில், முதவக்கில் தம் காவலராலேயே கொல்லப்பட்டார்.

ஸனத் பொய் சொன்னது முறையா என்று மாணவர் கேட்கலாம். ஆசிரியர் அறையில் நாமும் அதைப் பற்றி நெடுநேரம் விவாதித்தோம், ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆகாதவருடைய நூல்களுக்காகத் தம் தலையைப் பணயம் வைத்த ஒருவர் இருந்தார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு எழவில்லை.

அல்கிந்தி அதன்பின் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் அரசவையின் ஆரவாரத்திலிருந்து விலகி வாழ்ந்து, 873ஆம் ஆண்டளவில் பக்தாதில் மறைந்தார். மீண்டு வந்த நூல்களும் காலப்போக்கில் சிதறின. அவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி இன்று பெயராக மட்டுமே எஞ்சியுள்ளது. மறைமொழி வரலாறு எழுதிய மேலை அறிஞர்கள், எழுத்து எண்ணிக்கையைக் கொண்டு மறைமொழி உடைக்கும் முறைக்கு அரபில் கிடைக்கும் முதற்சான்று எகிப்தின் கல்கஷந்தி 1412இல் முடித்த பெருநூலே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். கல்கஷந்திக்கு ஐந்நூறு ஆண்டு மூத்த நூல் ஒன்று இஸ்தன்பூல் நகரின் சுலைமானியா நூலகத்தில் கிடந்ததை அவர்கள் அறியார். அல்கிந்தியின் தத்துவ நூல்கள் கெய்ரோவில் 1950லும் 1953லும் அச்சேறிப் புகழ் பெற்றன. எழுத்தை எண்ணிய அச்சிறு நூலுக்கு முறை வர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1987இல் டமாஸ்கஸ் நகரின் அரபு மொழிக் கழகம் அதனை ஆய்வுரையோடு அச்சிட்டு வெளியிட்டது; அலிப் 600, லாம் 437, மீம் 320 என்னும் எண்கள் அப்போதுதான் மீண்டும் வெளிச்சம் கண்டன.